வடக்குச் சுவர்

"இன்னும் கொஞ்சம் கீழ பிடி."

மகளின் கட்டிலுக்கு அடியில் அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். மனைவி மண்டியிட்டு டார்ச்சைச் சுவரின் அடிக்கு இறக்கினாள். டிரில்லின் முனை மண்பூச்சைத் தாண்டியது, உள்பலகையைத் தாண்டியது, அதன் பிறகு எதையும் தொடாதது போல உள்ளே போனது. அப்படிப் போகக் கூடாது. அழுத்தி அடைத்த வைக்கோல் முனையைப் பிடித்து இழுக்கும், மணிக்கட்டில் தெரியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை.

முனையை வெளியே எடுத்தான். அதோடு ஒரு கொத்து வந்தது. விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கினான். கறுப்பாக, காய்ச்சி வடித்த டீத்தூள் மாதிரி இருந்தது. மூடிக்கொள்வதற்குள் மனைவி அவன் கையை இழுத்து முகர்ந்தாள்.

"இதே நாத்தம்தான். நாலு மாசமா சொல்றேன்."

"ம்."

"எலி செத்திருக்கும்னு சொன்னீங்க."

"ம்."

"எலி இது? வாயத் திறந்து சொல்லுங்க."

அவள் சலவைக் கடையில் கவுன்ட்டரில் இருப்பவள். காயாமல் மடித்த துணியைப் பையைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடுவாள். நேற்று டாக்டர், மகளின் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல ஈரம் இருக்கா?" என்று கேட்டபோது, "இல்ல டாக்டர், எங்களோடது பசுமை வீடு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு" என்று இதே மனைவிதான் சொன்னாள். அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை மாடிப்படி பத்து ஏறுவதற்குள் நின்று, இழுப்பு மருந்தை உறிஞ்சுகிறது. டாக்டர் மருந்தை இரண்டு மடங்காக்கினார்.

"சாம்பல் ஷீட்டை வெளிப்பக்கம் போட்டுட்டேன்," என்றான். கட்டிலுக்கு அடியிலிருந்தே சொன்னான். வெளியே வந்து சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

அந்த வீட்டில் செங்கல் கிடையாது. மரச்சட்டம், சட்டத்துக்குள் அழுத்திய வைக்கோல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷீட், அதன் மேல் பலகை. உள்பக்கம் சாம்பல் ஷீட். சமையல் ஆவி, குளியல் ஆவி, மனிதர் விடும் மூச்சு எதுவும் வைக்கோலுக்குள் போகாமல் அது தடுக்கும். வெளிப்பக்கம் வெள்ளை ஷீட். அது மழையை உள்ளே விடாது. ஆனால் ஆணி ஓட்டை, பிளக் ஓட்டை வழியே தப்பித்தவறி உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுவிடும். பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தருவது இது. அவனே இருபத்திரண்டு பேருக்குச் சொல்லித்தந்திருக்கிறான். "வெள்ளை வெளிய. வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்கடா."

மறந்து போடவில்லை. வடக்குச் சுவரை அடைத்த அன்று நாலு மணிக்கு வானம் இருண்டது. வெள்ளை ரோல் தெற்குச் சுவரோடு தீர்ந்துபோயிருந்தது. புதியது மறுநாள்தான் வரும். நனைந்தால் வைக்கோல் மொத்தமும் வீண். கைக்கு எட்டிய சாம்பல் ரோலை இழுத்து மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். காலையில் மாற்றிக்கொள்ளலாம். காலையில் அவன் போவதற்குள் பலகை அடிக்கிறவர்கள் வந்து அந்தச் சுவரை முடித்துவிட்டிருந்தார்கள். "ரசமட்டத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டோம், பாத்தியா" என்று சிரித்தார்கள். ரசமட்டம் என்பது அவன்தான். பாக்கெட்டில் அது இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. எண்பத்திரண்டு ஸ்க்ரூ. கழற்றச் சொல்லியிருக்கலாம். அன்று வாய் வரவில்லை. அப்புறம் சுவருக்கு உள்ளும் புறமும் சாம்பலே என்று ஆகிவிட்டது. போன ஈரம் போன இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

மனைவி டார்ச்சை அணைத்தாள்.

"ஊருக்கெல்லாம் பாடம் நடத்துனீங்க. சொந்தச் சுவத்துல கோட்டை விட்டுட்டீங்க."

"அப்ப இது சொந்தச் சுவர்னு தெரியாதே."

"ஓஹோ. அடுத்தவன் சுவர்னா பரவாயில்லயாக்கும்."



*

பதினாறு வயதில் கான்கிரீட் வேலைக்கு வந்தவன். பதினெட்டு வருடம் சிமெண்ட் கலந்தான், பூசினான். உள்ளங்கை வெடித்தது, பிறகு விரலிடுக்கு, பிறகு முழங்கை வரை தோல் உரிந்தது. கையுறை போட்டான், எண்ணெய் தடவினான். டாக்டர், "வேலையை விடு, இல்லன்னா கையை விடு" என்றார். வைக்கோல் பேனலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, மாடு இல்லாத ஊரில் இவர்களுக்கு எதற்கு வைக்கோல் என்று நினைத்துக்கொண்டே போனான். மூன்று மாதத்தில் கை ஆறியது. அந்த வேலை அவனுக்குப் பிடித்துவிட்டது. பிடிவாதமான பிடிப்பு. பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம், வெயில் காலத்தில் மின்விசிறி இல்லாமல் ஒரு வீடு இருக்க முடியும் என்று ஆரம்பிப்பான். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்.

கம்பெனி ஒரு மாதிரி வீடு கட்டியது. அதில் ஒரு குடும்பம் மூன்று வருடம் குடியிருக்க வேண்டும். சுவருக்குள்ளும் அறைகளிலும் நாற்பத்தொரு சென்ஸார். மூன்று வருடம் முடிந்தால் வீடு அந்தக் குடும்பத்துக்கு. கட்டிய மேஸ்திரியின் குடும்பமே குடியிருக்கட்டும், பேப்பரில் படம் நன்றாக இருக்கும் என்று கம்பெனி டைரக்டர் சொன்னார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஒன்பது வீடு மாறியவர்கள். மகள் நாலு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். மனைவி ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

பிறகு படித்தாள். ஒரு நாளைக்கு ஜன்னல்கள் எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. காற்று மாற்றுகிற மிஷின் பரணில் ஓடும், அதை நிறுத்தக் கூடாது. மூன்று பேரும் வருடத்துக்கு முந்நூறு இரவு வீட்டில் தூங்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சுவரைத் திறந்தால் சோதனை ரத்து. சனிக்கிழமை பார்வையாளர்கள் வருவார்கள், சிரித்த முகமாக இருப்பது நல்லது.

முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சண்டை போட்டார்கள். மறுநாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "நேத்து பன்னெண்டு மணிக்கு ஹால்ல காத்து ரொம்ப கெட்டிருக்கே. விருந்தாளிங்க எத்தனை பேர்?"

"யாரும் வரல சார்."

"கிராஃப்ல எட்டு பேர் மாதிரி காட்டுதே."

மனைவி போனைப் பிடுங்கி, "நான் ஒருத்தியே ஏழு பேருக்குச் சமம் சார். அப்படியே எழுதிக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு சண்டைகளைப் பேருந்து நிறுத்தத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இருபத்தாறு மாதம் போயிருந்தது. வடக்குச் சுவரிலும் மூன்று சென்ஸார் உண்டு, மேலே, நடுவே, அடியில். அவனே பதித்தவை. ஈரம் ஏறினால் அவை சொல்லியிருக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் சுவர் எப்படியோ பிழைத்துக்கொண்டது என்று நம்பினான். படித்த மிஷினே சும்மா இருக்கும்போது நாம் ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தான்.

*

ஓட்டையை மெழுகால் அடைத்தான். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போடலாமா என்று மனைவி கேட்டாள். பயன் இல்லை என்று அவனுக்குத் தெரியும். மிஷின் படுக்கையறையில் காற்றை விட்டு, ஹால் வழியாக இழுத்து, சமையலறை மூலையில் உறிஞ்சுகிறது. அங்கே இருப்பது இங்கேயும் வரும்.

"பத்து மாசம்," என்றாள். "பத்தே மாசம். பல்லைக் கடிச்சுக்குவோம். அவளை எங்கக்கா வீட்டுல விட்டுடறேன்."

"முந்நூறு ராத்திரி?"

"இந்த வருஷம் வெளிய தூங்க இன்னும் முப்பது நாள் கையில இருக்கு. நான் எண்ணி வச்சிருக்கேன்."

முப்பது நாளுக்கு அப்புறம் என்ன என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு இரவும் மகள் பெரியம்மா வீட்டில் தூங்கினாள். லேத் பட்டறைக்கு மேலே இரண்டு அறை, ஏற்கெனவே நாலு பேர். வியாழக்கிழமை சாயங்காலம் இன்ஜினியர் பெண் லேப்டாப்போடு வந்தாள். மாதம் ஒரு தடவை வந்து சுவரில் இருக்கும் பெட்டிகளிலிருந்து விவரங்களை இறக்கிக்கொண்டு போவாள்; அறைக் காற்றின் கணக்கு மட்டும் தினமும் அலுவலகத்துக்கே போய்விடும். மகள் அவளுக்கு டப்பா அக்கா என்று பேர் வைத்திருந்தாள்.

செருப்பைக் கழற்றும்போதே, "ரெண்டு நாளா மூணாவது ஆள் இல்லையே அண்ணா, ஊருக்குப் போயிருக்காளா?" என்றாள்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவ மூச்சு விட்டாலும் தெரியுது, விடலேன்னாலும் தெரியுது. நல்ல டப்பாம்மா உன்னோடது."

பெண் சிரிக்க ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டான். இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

"மேடம், வடக்குச் சுவர் அழுகிப்போச்சு. என்னாலதான்."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அதை அவன் பக்கம் திருப்பினாள். நாலு சுவருக்கும் மும்மூன்றாகப் பன்னிரண்டு கோடுகள். பதினொன்று ஒன்றோடொன்று ஒட்டித் தாழ்வாக ஓடின. ஒன்று மட்டும் தனியாக மேலே ஏறி, அங்கேயே நின்றிருந்தது.

"அடி சென்ஸார்," என்றாள். "பதினோரு மாசமா இப்படித்தான்."

அவன் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தான்.

"உங்களுக்குத் தெரியும்னா ஏன் மேடம் சொல்லல?"

"எழுதிக் குடுத்தேண்ணா. சென்ஸார் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. வேற ஒண்ணு மாட்டினேன், ஞாபகம் இருக்கா? அதுவும் இதையே காட்டுச்சு. அப்புறம் அந்தச் சுவரைச் சராசரியில சேர்க்க வேண்டாம்னுட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா பயந்துடுவீங்கன்னு. உங்களுக்குத் தெரியும்னா நீங்க ஏன் சொல்லல?"

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "ரெண்டு பேரும் நல்லாக் கண்ணாமூச்சி ஆடியிருக்கீங்க. நடுவுல என் புள்ள."

பெண் அழவில்லை. ஆனால் டீயைத் தொடாமல் போனாள். போகும்போது, "நான் இன்னொரு தடவை எழுதறேண்ணா" என்றாள். எழுதினாள் போலிருக்கிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டைரக்டரே போன் செய்தார்.

அவர் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேஸ்திரி, இந்த வீட்டு மேல உங்களைவிட யாருக்கு அக்கறை இருக்கு? சொல்லுங்க."

"யாருக்கும் இல்லைங்க சார்."

"டிசைன்ல தப்பு இருக்கா?"

"டிசைன்ல ஒண்ணும் இல்ல சார். தப்பு என்னோடது."

"அதுதான். ஆனா சுவரைத் திறந்தா வெளிய என்ன பேசுவாங்க? ஷீட் மாறிடுச்சுன்னா பேசுவாங்க? வைக்கோல் வீடு அழுகிடுச்சுன்னு பேசுவாங்க. செங்கல்காரனும் சிமெண்ட்காரனும் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான். அடுத்த மாசம் நானூத்திப் பன்னெண்டு வீட்டுக்கு அனுமதி வருது. நீங்கதான் ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்கப்போறீங்க. எல்லாம் நின்னுடும். பத்து மாசம் பொறுங்க. சோதனை முடியட்டும். நானே ஆள் அனுப்பிச் சுவரைப் புதுசா போட்டுத் தர்றேன். பாப்பாவை வேற ரூம்ல படுக்க வைங்க."

வேறு அறை இல்லை என்று அவன் சொல்லவில்லை. டைரக்டர் சொன்னதில் பொய் ஒன்றைத் தேடினான். கிடைக்கவில்லை. அப்படித்தான் பேசுவார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களை அவனுக்குத் தெரியும். திறந்தால் வீடு போகும், வேலை போகும், இந்தக் கைக்கு வேறு வேலை கிடையாது. இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு வீடும் வேறு யாரோ சிமெண்டில் கட்டுவார்கள். திறக்காவிட்டால் முப்பது நாள்.

போனை வைத்துவிட்டு ஹாலில் நின்றான். மூன்று கண்ணாடி போட்ட ஜன்னலுக்கு வெளியே மரம் ஆடியது. சத்தம் வரவில்லை. சத்தம் வராமல் இருக்க அவன்தான் அந்தச் சட்டத்தைச் சுற்றி மூன்று வரிசை ரப்பர் பதித்தான்.

மனைவி கடைக்குப் போகவில்லை. அக்கா வீட்டிலிருந்து மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே திரும்பி வந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்துடுன்னு சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'பெரியம்மா வீட்டுல மூச்சு தானா வருதும்மா'ன்னா."

அவன் ஜன்னலிலிருந்து திரும்பினான்.

"தானா வருதாம். அப்ப இங்க மூச்சை அது வேலை செஞ்சு வாங்கிட்டு இருந்திருக்கு. நான் பத்து மாசம்னு கணக்குப் போட்டுட்டு இருக்கேன்." அவள் பையைச் சோபாவில் எறிந்தாள். "டைரக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னான்.

"அவர் புள்ளைங்க எங்க தூங்குதாம்?"

*

ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பூச்சுக்கு அடியில் ஒன்றே கால் அடிக்கு ஒன்று. மதியம் பன்னிரண்டரைக்கு வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் ஏணியைச் சாய்த்தான். ஜன்னல் திறந்திருக்கும் நேரத்தைச் சொல்லக் காந்தம் இருந்தது, கதவில் ஆள் எண்ணும் கருவி இருந்தது. சுவரைத் திறந்தால் காட்டிக்கொடுக்க எதுவும் பொருத்தப்படவில்லை. யாரும் திறக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

"ஏணியப் பிடிக்கவா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி பிடித்தாள்.

"பலகை கனமா இருக்கும். இறக்கும்போது தள்ளி நில்லு."

"ஒன்பது வீட்டுக்கு பீரோ தூக்கினவ நான். நீங்க ஸ்க்ரூவைப் பாருங்க."

பலகைகள் ஐந்து. இரண்டாவதை இறக்கும்போதே சாம்பல் ஷீட் தெரிந்தது. ஓரங்களில் அவன் ஒட்டிய டேப், விரல் ரேகை உட்பட, அப்படியே இருந்தது. ஷீட்டின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். கத்தியை மேலே வைத்துக் கீழே இழுத்தான். அடியில் தேங்கியிருந்த தண்ணீர் அவன் காலில் கொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

முழங்கால் உயரம் வரை கறுப்பு. கையைப் போட்டதும் சேறு மாதிரி வந்தது. அதற்கு மேலே ஒரு சாண் பழுப்பு. அதற்கும் மேலே கையை நுழைத்தான். சுள்ளென்று குத்தியது. ஒரு பிடி பிடுங்கி வெளியே எடுத்தான். உலர்ந்து, மஞ்சளாக, களத்திலிருந்து அன்றைக்கு வந்தது போல இருந்தது.

"இங்க பாரு," என்றான். "இங்க பாரேன். மேல எதுவும் ஆகல. உள்ள ஓட்டை வழியா வந்த ஈரம் ஷீட்டுல பட்டு, தண்ணியாகி, கீழ இறங்கியிருக்கு. வெள்ளை மட்டும் போட்டிருந்தா ஐம்பது வருஷம் நின்னிருக்கும் இது. ஐம்பது வருஷம்!"

அவன் அதை அவளிடம் நீட்டிக்கொண்டே நின்றான்.

"சரி, சரி," என்றாள். "கறுப்பை அள்ளுங்க முதல்ல."

இருட்டுவதற்குள் பதினாலு சாக்கு நிரம்பியது. அவள் சாக்கின் வாயைப் பிடித்தாள், அவன் அள்ளிப் போட்டான். பழுப்பையும் எடுத்தான். மரச்சட்டத்தின் அடிக்கட்டை ஒரு இடத்தில் நகத்தால் கீறினால் வந்தது. அதையும் வெட்டினான். உள்பக்க சாம்பல் ஷீட் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மகள் தூங்கும் படுக்கையறை. காற்றடித்தபோது ஷீட் உப்பி உப்பித் தணிந்தது. கடைசியில் தார்ப்பாயைக் கட்டினான். பிறகு டைரக்டருக்குப் போன் செய்து, "திறந்துட்டேன் சார்" என்றான். மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. "எதையும் தொடாதீங்க, காலைல வர்றேன்" என்றார்.

*

மறுநாள் சனிக்கிழமை. டைரக்டர் ஏழே முக்காலுக்கு வந்தார். தார்ப்பாயை விலக்கி ஐந்து நிமிடம் பார்த்தார். சாக்குகளை வேனில் ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். இன்ஜினியர் பெண் வந்து மூன்று சென்ஸாரையும் கழற்றி, உறையில் போட்டு, தேதி எழுதினாள்.

எட்டரைக்கு அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய கண்ணாடிப் பலகை வந்தது. கண்காட்சி ஒன்றில் மிஞ்சியது. முழங்காலுக்கு மேலே, வைக்கோல் நன்றாக இருந்த இடத்தில் அதைப் பொருத்தச் சொன்னார். பொருத்தினான். கீழே இருந்த வெற்றிடத்தைப் புதிய பலகையால் மூடினான். ஓரம் மட்டம் பார்த்தான்.

ஒன்பது மணிக்கு டைரக்டர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புதிய ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார். சுவர் மாறிவிட்டதால் பழைய இருபத்தாறு மாதமும் செல்லாது. சோதனை இன்றிலிருந்து முதல் நாள். மூன்று வருடம். வடக்குச் சுவரைப் பற்றி வெளியே யாரிடமும் பேசக் கூடாது. புதிய பேனல் வரும் வரை ஒரு வாரம் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். மனைவி முழுவதும் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, முந்நூறு இரவை இருநூற்று ஐம்பதாக மாற்றச் சொன்னாள். அவர் பேனாவால் திருத்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவனும் போட்டான்.

பத்து மணிக்கு முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று மக்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கட்டிய மேஸ்திரியே திறந்து வைத்திருக்கிறார் என்று டைரக்டர் சொன்னார். எல்லோரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் அவனிடம், "நீங்க இங்கேயே குடியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அப்புறம் என்ன, நிம்மதி."

"ஆமாங்க."

மதியம் மனைவி போய் மகளை அழைத்து வந்தாள். மகள் கண்ணாடியில் முகத்தை வைத்து வைக்கோலைப் பார்த்தாள். படுக்கையறைக்குப் போய்ப் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதினாள். இரண்டு தடவை இருமினாள். ஜன்னல் திறந்திருந்தது. முதல் அணிக்குத் திங்கட்கிழமை பயிற்சி, முப்பது பேர் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அவன் காலண்டரில் குறித்துக்கொண்டான்.